பொருள்: லாஸ்லெஸ் ஆடியோ, தமிழில் என்ன போட? (வெள்ளிக்குள் வேண்டும்)

ந. எழுதியது:
அனைவருக்கும் வணக்கம். காணொளிக் கோப்பிலிருந்து ஒலியைப் பிரித்தெடுக்கும் கட்டற்ற மென்பொருள் ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். வெள்ளி இரவோடு சரங்களை (திரையில் தெரியும் சொற்களை) மாற்ற முடியாதபடி பூட்டிவிடுவார்கள். ஒரு பொத்தான்தான் பாக்கி. வெப்எம் என்ற வடிவிலுள்ள காணொளியை லாஸ்லெஸ் ஆடியோவாக, அதாவது தரவு எதையும் தொலைக்காமல் சுருக்கிய ஒலியாக, மாற்றும் பொத்தான். பழைய பதிப்பில் யாரோ 'இழப்பற்ற ஒலி' என்று போட்டிருக்கிறார்கள். காப்பீட்டு விளம்பரம் படிப்பது போல இருக்கிறது. பொத்தானில் இடமும் குறைவு.

வே. எழுதியது:
தம்பி, 'இழப்பற்ற' பிழையில்லை, சோம்பல். எந்தப் பெயரோடும் 'அற்ற'வை ஒட்டிவிட்டுப் போகும் பழக்கம் எப்போது வந்ததோ! நம்மிடம் ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம் இருக்கிறதே, 'வாடாத' என்பது ஈறு போய் 'வாடா' ஆவது. வாடா மலர், செல்லாக் காசு, பொய்யா விளக்கு. அந்த வழியில் 'குன்றா ஒலி' என்று வையுங்கள். வல்லினம் வந்தால் மிகும்: குன்றாக் கோப்பு, குன்றாச் சுருக்கம். எதிர்ச்சொல்லும் உடனே கிடைக்கிறது, 'குன்றிய ஒலி'.

இன்னொன்று. குறைதலுக்கும் சிறுமலைக்கும் 'குன்று' என்ற ஒரே சொல் ஏன்? மலை குன்றினால் குன்று என்பது என் துணிபு. குன்றிமணியையும் அதே வேரில்தான் சேர்ப்பேன். 965ஆம் குறளில் வள்ளுவர் மூன்றையும் ஒன்றாக வைத்து விளையாடியிருப்பதைப் பாருங்கள். விரிவாகத் தனி மடலில் எழுதுகிறேன்.

தா. எழுதியது:
ஐயா, கொஞ்சம் மலையிலிருந்து இறங்கி வாருங்கள். 'குன்றா ஒலி' என்றால் சத்தம் குறையாத ஒலி என்றுதான் யாரும் படிப்பார்கள். இங்கே குறையாமல் இருப்பது தரவு. குறுந்தகட்டின் ஒலி நொடிக்கு 44,100 மாதிரிகள் (ஒலியலையை அளந்த அளவுகள்), மாதிரிக்கு 16 பிட், இரண்டு தடம். ஆக நொடிக்கு 1,411 கிலோபிட். லாஸ்லெஸ் வடிவமான ஃபிளாக் அதை இசையைப் பொறுத்துப் பாதி அளவுக்குக்கூடச் சுருக்கும், திரும்ப விரித்தால் ஒரு பிட் மாறியிருக்காது. எம்பி3, ஓபஸ் எல்லாம் காதுக்குத் தெரியாது என்று கணக்குப் போட்டதை எறிந்துவிடுபவை.

எனக்கு உறுத்துவது வேறு. வெப்எம்முக்குள் இருக்கும் ஒலியே வோர்பிஸ் அல்லது ஓபஸ்தான். எறிய வேண்டியதை ஏற்கெனவே எறிந்தாயிற்று. ஓபஸ் ஒலியின் நிறமாலைப் படத்தை (எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு ஒலி என்று காட்டுவது) திறந்தால் 20 கிலோஹெர்ட்சுக்கு மேல் கத்தரியால் வெட்டியது போல வெறும் கறுப்பு. ஃபிளாக்காக மாற்றிவிட்டுத் திறந்தாலும் அதே கறுப்புதான், கோப்பு மட்டும் பல மடங்கு பருத்திருக்கும். உள்ளே இருக்கும் ஓபஸை அப்படியே உருவி வேறு கோப்பில் வைத்தால் எதையும் இழக்கவும் மாட்டோம், இடமும் மிச்சம். அந்தப் பொத்தான் பக்கத்திலேயே இருக்குமே? அதற்கு யாரும் கலைச்சொல் கேட்பதில்லை!

ப. எழுதியது:
வகுப்பில் 'இழப்புள்ள', 'இழப்பிலா' என்று ஜோடியாகச் சொல்கிறேன். ஜேபெக், பிஎன்ஜி படங்களை வைத்துத்தான் தொடங்குவேன், அப்புறம் ஒலிக்கு வருவேன். பிள்ளைகளுக்குப் புரிகிறது. படத்துக்கு ஒரு சொல், ஒலிக்கு ஒரு சொல் என்று ஆக்கிவிடாதீர்கள், தேர்வுத்தாள் திருத்துவது நான்.

வே. எழுதியது:
அம்மா, 'இலா' என்பது இடைக்குறை, 'இல்லா'வில் நடு எழுத்துக் குறைந்தது, செய்யுளுக்கு ஆகும். உரைநடையில் 'இழப்பில்லா' என்றே எழுத வேண்டும். அதுவும் போக, 'இழப்பு' என்றாலே 'ஈடுசெய்ய முடியாத இழப்பு' என்று இரங்கல் செய்திதான் காதில் விழுகிறது. தா. சொல்லும் குழப்பமெல்லாம் பழகினால் போய்விடும். 'தரவு' கலிப்பாவின் முதல் உறுப்பு. அதை டேட்டாவுக்கு எடுத்துக்கொண்டீர்களே, யாராவது அடுத்த உறுப்பான தாழிசையைத் தேடி அலைந்தார்களா?

க. எழுதியது:
'லாஸ்லெஸ்' என்றே போட்டுவிடுங்கள். தேடுகிறவர்கள் அதைத்தான் தேடுகிறார்கள்.

வே. எழுதியது:
'கன்வர்ட்' என்றும் போட்டுவிட்டால் ந.வின் வேலை இன்றே முடிந்துவிடும்.

தா. எழுதியது:
தரவு விஷயத்தில் ஐயாவுக்கு ஒரு புள்ளி. ஆனாலும் என் கேள்வி நிற்கிறது: அந்த அடைமொழி எதற்கு உரியது? ஒலிக்கு அல்ல, சேமிக்கும் வடிவத்துக்கு. 'இழப்பிலா ஒலியாக மாற்று' என்றால் தரம் ஏறும் என்று சொல்வதாகிறது, அது பொய். 'ஒலியை இழப்பிலா வடிவில் சேமி' என்று திருப்பிப்போட்டால் இதற்குமேல் எதுவும் போகாது என்பதோடு நிற்கும். இடம் இல்லையென்றால் 'ஃபிளாக்காகச் சேமி' போதும்.

ந. எழுதியது:
தா. சொன்ன வாக்கியம் பொத்தானில் அடங்கிவிட்டது, ஏற்றிவிட்டேன். சுட்டியைக் கொண்டுபோனால் தெரியும் குறிப்பில் 'மூலக் கோப்பில் இல்லாத தரம் கூடாது' என்றும் சேர்த்தேன். 'இழப்பிலா'வுக்கு ப., தா., நான் ஆக மூவர் கை தூக்கியிருக்கிறோம், க. நடுநிலை என்று எடுத்துக்கொள்கிறேன்.

க. எழுதியது:
நடுநிலை இல்லை. களைப்பு.

வே. எழுதியது:
'தரம் கூடாது' என்றால் தரமே ஆகாது, விலக்கு என்றும் பொருள் வரும். 'தரம் கூடிவிடாது' என்று திருத்துங்கள். 'குன்றா' சொற்பட்டியலில் மாற்றுச்சொல்லாகவாவது இருக்கட்டும், என் மறுப்போடு. குன்றிமணி பற்றிய மடல் நாளை வரும்.