கல்லிடைக்குறிச்சிப் பழைய வீட்டுக்கு சோலாரும் ஹீட் பம்பும்: 3,50,000 ரூபாயை எப்படிப் பிரிப்பது?

கேட்பவர்: கல்லிடை டீச்சர்

தாத்தா கட்டிய வீட்டில் நானும் அம்மாவும் இருக்கிறோம். அம்மாவுக்கு 84 வயது. நான் பள்ளிக்கூட வேலையிலிருந்து ஓய்வு பெற்று 3 வருடம் ஆகிறது. வீட்டுக்கென்று எடுத்து வைத்திருப்பது 3,50,000 ரூபாய். அதற்கு மேல் என்னால் முடியாது.

முன்பக்கத் தார்சா, கூடமான பட்டாசல், உள்ளறையான அரங்குவீடு மூன்றுக்கும் மேலே மெட்ராஸ் டெரஸ். தேக்கு உத்திரம், அதன் மேல் நிறுத்தி வைத்த செங்கல், சுண்ணாம்பு, தட்டோடு. அடுக்களை ஓட்டுக் கூரை. புறவாசலில் 1998-இல் கட்டிய குளியலறை மட்டும்தான் கான்கிரீட். பட்டாசல் மூலையில் இரண்டு மழையாக ஒழுகுகிறது. வயரிங் இன்னும் பாதி சுவரில் அடித்த மரப்பட்டையில்தான் ஓடுகிறது.

அம்மா அறைக்கு ஏசி வைத்த பிறகு கரண்ட் பில் ஏறிவிட்டது. போன ஒரு வருடத்தில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வந்த யூனிட்டுகள்: 620, 580, 430, 380, 360, 400. பில் மொத்தம் பத்தாயிரத்துச் சொச்சம்.

தம்பி மகன் இங்கிலாந்தில் லீட்ஸில் இருக்கிறான். அங்கே நூறு வருடப் பழைய வீட்டைச் சூடாக்க ஹீட் பம்ப் வைக்கிறானாம், அரசாங்கமே 7,500 பவுண்ட் தருகிறதாம். "அத்தை, நீங்களும் சோலாரும் ஹீட் பம்பும் சேர்த்தே வைத்துவிடுங்கள்" என்கிறான். அம்மாவுக்கு மூட்டுவலி, காலையும் மாலையும் வெந்நீர் இல்லாமல் முடியாது. அதனால் நானும் விசாரித்தேன். 200 லிட்டர் ஹீட் பம்புக்கு 95,000 சொன்னார்கள். சோலார் 3 கிலோவாட் 2,10,000, இரண்டு என்றால் 1,40,000, ஒன்று என்றால் 80,000. மூன்றுதான் லாபம், மானியம் 78,000 கிடைக்கும் என்று வந்தவர் விடாமல் சொன்னார். மூன்று கிலோவாட்டும் ஹீட் பம்பும் வாங்கினால் கூரைக்கு 45,000தான் மிஞ்சும். எதை முதலில் செய்ய?

இன்னொன்று. மட்டப்பா முழுவதும் பேனலால் நிறைந்துவிடக் கூடாது. அம்மா இன்றைக்கும் அங்கேதான் வடகமும் அப்பளமும் காயப்போடுகிறாள். அந்த வேலைதான் அவளை நடமாட வைத்திருக்கிறது.

பதில்: வீரவநல்லூர் வயர்மேன்

டீச்சர், உங்கள் தம்பி மகன் செய்வது அவன் ஊருக்குச் சரிதான். அங்கே ஹீட் பம்ப் வீட்டையே சூடாக்குகிறது; வருடத்தில் பாதி நாள் அது ஓடியாக வேண்டும். நமக்கு வீடு சூடாக்கும் வேலையே இல்லை. உங்கள் ஏசியும் ஒரு வகையில் ஹீட் பம்ப்தான், உள்ளே இருக்கும் சூட்டை வெளியே தள்ளுகிறது. இங்கே ஹீட் பம்ப் என்று விற்பது வெந்நீருக்கு மட்டும்.

அது நல்ல கருவி. ஒரு யூனிட் கரண்ட் எடுத்துக்கொண்டு, காற்றில் இருக்கும் சூட்டையும் இழுத்து, மூன்று யூனிட் அளவுக்குச் சூடு கொடுக்கும். குற்றாலத்தில் லாட்ஜ் வைத்திருப்பவர் கேட்டால் வாங்கச் சொல்வேன். உங்கள் வீட்டில் 15 லிட்டர் கீசரை ஒரு நாளைக்கு இரண்டு தடவை போடுவீர்கள். நம் ஊர்த் தண்ணீர் குழாயில் வரும்போதே 28 டிகிரி இருக்கும். சூட்டுக் கசிவையும் சேர்த்து ஒரு நாளைக்கு ஒன்றேகால் யூனிட்டுக்குள் முடிந்துவிடும். ஹீட் பம்ப் வைத்தால் இரண்டு மாதத்தில் 50 யூனிட் மிச்சமாகும். உச்ச விலையில் கணக்குப் போட்டாலும் வருடத்துக்கு 3,000 தேறாது. அதற்கு 95,000 வேண்டாம். இருக்கும் கீசருக்கு நல்ல எர்த் போட்டு, கரண்ட் கசிந்தால் உடனே தானே அணைக்கும் எர்த் லீக்கேஜ் பிரேக்கர் வையுங்கள். வயதான அம்மா ஈரக் கையோடு நிற்கிற இடம் அது. எனக்கு உங்கள் கேள்வியில் பயமாக இருந்ததே அந்த மரப்பட்டை வயரிங்தான்.

இப்போது சோலார். நம் பக்கம் 1 கிலோவாட் பேனல் சராசரியாக ஒரு நாளைக்கு 4 யூனிட் தரும், இரண்டு மாதத்துக்கு 240. உங்கள் 620 அப்போது 380 ஆகும், 430 என்பது 190 ஆகும். தமிழ்நாட்டு பில்லின் சூட்சுமம் இங்கேதான் இருக்கிறது. முதல் 100 யூனிட் இலவசம். இரண்டு மாத பில் 500-க்குள் நின்றால் அடுத்த 100 யூனிட் 2 ரூபாய் சொச்சம். 500-ஐத் தாண்டினால் அதே 100 யூனிட்டே 4 ரூபாய் சொச்சத்துக்குப் போய்விடும், உச்சியில் இருப்பவை எட்டுக்கும் ஒன்பதுக்கும் போகும். ஆக, முதல் கிலோவாட் வெட்டுவது விலை உயர்ந்த யூனிட்டுகளை. உங்கள் ஆறு பில்லையும் போட்டுப் பார்த்தேன்: முதல் கிலோவாட்டில் வருடத்துக்கு 8,000 பக்கம் மிச்சம். இரண்டாவது கிலோவாட் கூடுதலாகத் தருவது 2,500-ஐத் தாண்டாது. மூன்றாவதால் உங்களுக்குப் பயன் இல்லை. மானியம் முதல் இரண்டு கிலோவாட்டுக்குத் தலா 30,000, மூன்றாவதுக்கு 18,000தான், அதற்கு மேல் கிடையாது. 78,000 என்பது மொத்தமாகக் கேட்கப் பெரிதாகத் தெரிகிறது, அவ்வளவுதான். முழுப் பணத்தையும் முதலில் நீங்கள் கட்ட வேண்டும். மானியம் வேலை முடிந்து, கரண்ட் வருவதையும் போவதையும் எண்ணும் மீட்டர் மாற்றிய பிறகுதான் வங்கிக் கணக்குக்கு வரும். உள்நாட்டில் செய்த பேனலுக்கே மானியம் உண்டு, பேனல் அப்படிப்பட்டதுதான் என்று பில்லில் எழுதி வாங்குங்கள். நம் கங்கைகொண்டானிலேயே டாடா பேனல் செய்கிறார்கள், கிடைக்காத சரக்கு இல்லை.

கரண்ட் போனால் சோலாரும் நின்றுவிடும் என்று வந்தவர் சொன்னாரா? லைனில் வேலை செய்கிறவர் மேல் கரண்ட் பாயாமல் இருக்கத்தான் அப்படி வைத்திருக்கிறார்கள். வீட்டில் பேட்டரி இன்வெர்ட்டர் இருந்தால் அதை விற்றுவிடாதீர்கள்.

மெட்ராஸ் டெரஸில் துளை போட ஒருவரையும் விடாதீர்கள். செங்கல் விரிசல் விட்டால் ஒழுகல் உத்திரத்துக்குப் போகும், தேக்கும் உளுக்கும். 1 கிலோவாட்டுக்கு இரண்டு பேனல் போதும், 60 சதுர அடிக்குள் அடங்கும். குளியலறைக் கான்கிரீட்டில் வைத்துவிடலாம். மட்டப்பா அம்மாவுக்கே இருக்கட்டும்.

கடைசியாக, மீட்டர் இன்னும் தாத்தா பெயரில் இருக்கிறதா? அப்படியானால் முதல் வேலை பெயர் மாற்றம். சேங்ஷன் லோடும், அதாவது உங்கள் இணைப்புக்கு அனுமதித்த கிலோவாட்டும், பாருங்கள், பேனல் அளவு அதற்குள் வருகிறதா என்று.

பதில்: வள்ளியூர்க் காற்று

அண்ணாச்சி சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். எங்கள் பக்கம் ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று ஆனி, ஆடியில் பேனலை அடியிலிருந்து தூக்கும். எடை பேனலுக்கு முப்பது கிலோ பக்கம்தான், காற்றுக்கு அது ஒன்றுமே இல்லை. பக்கத்து வீட்டில் ஒரு பேனல் தெருவில் கிடந்தது. சட்டத்தைத் தாழ்வாக, 10 டிகிரி சாய்வுக்கு மேல் போகாமல் தெற்குப் பார்த்து வையுங்கள். நம் அட்சரேகைக்கு அதுவே போதும்.

பதில்: கொக்கிரகுளம்

2023 டிசம்பர் வெள்ளத்தில் எங்கள் வீட்டு சோலார் இன்வெர்ட்டர், பேனல் கரண்டை வீட்டுக் கரண்டாக மாற்றும் பெட்டி, மூன்று அடி உயரத்தில் இருந்தது, போய்விட்டது. பேனலுக்கு ஒன்றும் ஆகவில்லை. நீங்களும் ஆற்றங்கரை ஊர். தலைக்கு மேலே மாட்டச் சொல்லுங்கள், நிழலான சுவரில்.

கல்லிடை டீச்சர்

எல்லோருக்கும் மனசார நன்றி. நேற்று ராத்திரி அம்மாவோடு உட்கார்ந்து எழுதிப் பார்த்தேன். கூரைக்கு 1,30,000. பழைய சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார் அம்பாசமுத்திரத்தில் ஒருவர் இருக்கிறார், அவரே செய்யட்டும். வயரிங், எர்த், பிரேக்கர் எல்லாம் 70,000. சோலார் ஒரு கிலோவாட் 80,000. மீதி 70,000-ஐத் தொடப் போவதில்லை. உத்திரத்தைத் திறந்து பார்த்தால் என்ன இருக்குமோ. ஹீட் பம்பை விட்டுவிட்டேன். தம்பி மகனிடம் கணக்கைச் சொன்னேன், அவனும் ஒப்புக்கொண்டான்.

மீட்டர் தாத்தா பெயரில்தான் இருக்கிறது. வாரிசுச் சான்றிதழ் தேடி எடுத்தாயிற்று.

இன்னும் ஒரு சந்தேகம். குளியலறைக்குக் கிழக்கே பக்கத்து வீட்டுத் தென்னை இரண்டு நிற்கிறது. மார்கழி வெயில் சாய்ந்து வருமே என்று இன்று காலை ஏழு மணியிலிருந்து மேலேயே நின்று பார்த்தேன். ஏழரைக்குத் தளத்தில் பாதி நிழல். எட்டே முக்காலுக்கு முழுவதும் விலகிவிட்டது. சாயங்காலம் நிழலே இல்லை. இது பரவாயில்லையா?

வீரவநல்லூர் வயர்மேன்

பரவாயில்லை டீச்சர். ஒன்பதிலிருந்து மூன்று வரைதான் பேனலுக்கு முக்கியமான நேரம். மட்டையை வெட்டச் சொல்லிப் பக்கத்து வீட்டில் கேட்கவும் வேண்டாம். கொத்தனார் வேலை முடியட்டும், அப்புறம் பேனல். பெயர் மாற்ற மனுவை மட்டும் நாளைக்கே கொடுத்துவிடுங்கள்.