பக்கூ ஆலைகளுக்கு ஒரு சொல்: உற்பத்தித்திறனா, ஈடா, ஆலைத்திறனா?

நண்பர்களுக்கு வணக்கம்.

அசர்பைஜானின் எண்ணெய்க் கருவித் தொழில் பற்றிய இயல் ஒன்றைக் கல்லூரிப் பாடத்துக்காகத் தமிழாக்குகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது.

சோவியத் ஒன்றியத்தின் எண்ணெய்வயல் கருவிகளில் ஏறத்தாழ 70 விழுக்காடு அங்கேதான் உருவானது, பெரும்பாலும் தலைநகர் பக்கூவில். 1991இல் ஒன்றியம் கலைந்ததும் மேற்குச் சைபீரிய வயல்களின் ஆர்டர்கள் சுருங்கின. எஃகு வரும் வழியும் தடைப்பட்டது. கடைசல் எந்திரங்கள் சும்மா கிடந்தன. ஆலையால் எவ்வளவு செய்ய முடியும் என்பது ஒன்று, ஓர் ஆள் எவ்வளவு செய்கிறார் என்பது வேறொன்று. நம் செய்தித்தாள்கள் இரண்டையும் 'உற்பத்தித்திறன்' என்றே எழுதுகின்றன. 'உற்பத்தித்திறன் வீணானது' என்று நான் எழுதினால் பழி தொழிலாளர்மேல் விழும். முதலாவதற்குத் தனிச்சொல் வேண்டும்.

*

ஐயா, 'ஈடு' இருக்கிறதே! ஒரு முறை வேகவைக்கும் இட்லியை ஓர் ஈடு என்கிறோம். கெடு கேடு ஆனதுபோல இடு ஈடு ஆயிற்று, முதனிலை திரிந்த தொழிற்பெயர். 'ஆக்க ஈடு' என்றால் ஆலை கொள்ளும் அளவு. 'உற்பத்தி' என்ற வடசொல்லும் போகும்.  

*

அம்மா, இழப்பீடும் காப்பீடும் அதே ஈடுதான். பொருளியல் மாணவர் 'ஆக்க ஈடு' என்று கண்டால் யாருக்கோ கொடுத்த பணம் என்றுதான் படிப்பார். தனித்தமிழ் வேண்டும், ஆனால் வகுப்பில் புரியவும் வேண்டும். இலங்கையில் வினைத்திறன் (வீணின்றிச் செய்தல்), விளைதிறன் (எண்ணிய பயன் தருதல்) என்று பிரித்தே புழங்குகிறார்கள். அந்த வரிசையில் 'ஆலைத்திறன்' என்று வைக்கலாம்.

இன்னொன்று. 'கொள்ளும் அளவு' என்பதே பக்கூவுக்குப் பொருந்தாது. 1994 செப்டம்பரில் அயல்நாட்டு நிறுவனங்களோடு பெரிய எண்ணெய் ஒப்பந்தம் வந்தது. அவர்கள் பழகியது ஏபிஐ என்னும் அமெரிக்க எண்ணெய்த் தொழில் அமைப்பின் தரம்; ஆலைகள் பழகியது கோஸ்ட் என்னும் சோவியத் அரசுத் தரம். குழாயில் வெட்டும் மரைகூட வேறு. எந்திரம் இருந்தும் புது ஆர்டரை ஏற்க முடியாது என்றால் அது அளவுக் குறை அல்ல, திறன் குறை.

*

சரி, மரைச் செய்தி என் இயலுக்கே உதவுகிறது, நன்றி. தனி மடலிலும் பலர் 'ஆலைத்திறன்' என்றே சொல்கிறார்கள். அச்சுக்கு அதையே அனுப்புகிறேன்.

*

என் மறுப்பு பதிவாகட்டும். 'ஆலைத்திறனில் பாதியே இயங்கியதால் வினைத்திறன் குறைந்தது' என்று எழுதிப் பாருங்கள். ஒரே வரியில் இரண்டு திறன்! அடுத்த பதிப்புக்கு முன் 'ஈடு' பற்றி மறுபடி பேச வேண்டும்.