ஷட்டில் வேனுக்கு ஏஜென்ட் மாடல் தேவையா?

எலக்ட்ரானிக்சிட்டி_பாலு:
எங்கள் அபார்ட்மென்ட்டிலிருந்து மஞ்சள் தட மெட்ரோ நிலையத்துக்குக் காலையில் வேன் விடப்போகிறோம். எத்தனை வேன் வேண்டும் என்று பார்க்க ஏஜென்ட் மாடல் செய்து தருவதாக ஒருவர் சொல்கிறார். பயணிகளைக் கணினியில் தனித்தனி ஆளாக உருவாக்கி, அவரவர் விதிப்படி நடக்கவிட்டுப் பார்ப்பாராம். தேவைதானா?

மடிவாளா_மீனா:
மலையைக் கெல்லி எலி பிடிக்கிற வேலை. மணிக்கு 120 பேர், வேனுக்கு 12 பேர், போய்த் திரும்ப 24 நிமிடம் என்று வையுங்கள். 10 நடை வேண்டும். ஒரு வேன் இரண்டரை நடை அடிக்கும். நாலு வேன் என்றால் மூச்சுவிட நேரமில்லை, ஒரு சிக்னலில் மாட்டினாலும் வரிசை வளரும். அதனால் ஐந்து. டெலிபோன் அழைப்புகளுக்கு டென்மார்க் கணிதர் எர்லாங் 1909-லேயே இந்த வகைக் கணக்கைத் தொடங்கிவிட்டார்.

ஹெச்எஸ்ஆர்_செந்தில்:
மீனா அக்கா, டெலிபோன் அழைப்பு பக்கத்து அழைப்பைப் பார்த்து மனம் மாறாது. மனிதர்கள் மாறுவார்கள். வரிசை நீண்டால் சிலர் ஆட்டோ பிடிப்பார்கள், சிலர் மறுநாள் பத்து நிமிடம் முன்னால் வருவார்கள். எல்லாரும் முன்னால் வந்தால் நெரிசலும் முன்னால் நகரும். உங்கள் 120 அப்புறம் 120-ஆக இருக்காது. பொருளாதார அறிஞர் ஷெல்லிங் 1971-இல் காட்டியது இதைத்தான்: அண்டை வீட்டாரில் மூன்றில் ஒரு பங்கு நம் ஆட்களாக இருந்தால் போதும் என்று நினைப்பவர்கள்கூடக் கடைசியில் தனித்தனிப் பேட்டைகளாகப் பிரிந்துவிடுவார்கள். சராசரியை வைத்து அதை ஊகிக்கவே முடியாது.

மடிவாளா_மீனா:
சரி தம்பி, எத்தனையாவது நிமிடத்தில் ஆட்டோவுக்குக் கை காட்டுவார் என்ற விதியை எங்கிருந்து எடுப்பீர்கள்? 2020-இல் ஐஐஎஸ்சி, டிஐஎஃப்ஆர் என்ற ஆய்வு நிறுவனங்கள் பெங்களூருக்கும் மும்பைக்கும் கொரோனா பரவலுக்கு ஏஜென்ட் மாடல் செய்தன. பள்ளியை மூடினால் என்ன, லோக்கல் ரயில் ஓடினால் என்ன என்பதே அங்கே கேள்வி. யார் எந்த வீட்டில், எந்த வேலையிடத்தில் என்று பிரிக்காமல் பதில் வராது. பிரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பும் இருந்தது. பாலு சாரிடம் இருப்பது வாட்ஸப் வாக்கெடுப்பு!

ஹெச்எஸ்ஆர்_செந்தில்:
விதி தெரியாது என்பதால்தான் அதை மாற்றி மாற்றி நூறு தடவை ஓட்டச் சொல்கிறேன். எப்படி மாற்றினாலும் ஐந்து வேன் தாங்கினால் நிம்மதி. அதற்கான நெட்லோகோ மென்பொருள் இலவசம்.

மடிவாளா_மீனா:
மென்பொருள் இலவசம். பில் பாலு சாருக்கு வரும்.

எலக்ட்ரானிக்சிட்டி_பாலு:
இரண்டு வாரம் வாடகை வேன் ஐந்து விடுகிறோம். வரிசையை விட்டு யார் எப்போது போகிறார்கள் என்று கேட் செக்யூரிட்டியைக் குறிக்கச் சொல்கிறேன். கொட்டேஷன் அதுவரை நிற்கட்டும்.

ஹெச்எஸ்ஆர்_செந்தில்:
மழை நாளையும் தனியாகக் குறிக்கச் சொல்லுங்கள் சார். ஓசூர் ரோட்டில் தண்ணீர் நின்றால் அந்த 24 நிமிடம் எங்கே போகுமோ.