கிழட்டுக் குதிரைக்குச் சேணம் போடலாமோ?

டச்பே_காத்து:
லீவுக்குப் பிள்ளையளோட நுவரெலியா போனம். கிரகரி வாவிக்கரையில ஒரு குதிரை. கண்ணுக்கு மேல ரெண்டு பக்கமும் குழி விழுந்து, இடுப்பெலும்பு துருத்திக்கொண்டு நிண்டது. சின்னவள் ஏறமாட்டன் எண்டிட்டாள். "அப்பா, அது அப்பம்மா மாதிரி நடக்குது." திருகோணமலை வந்து சேருமட்டும் அந்தக் கதைதான். பந்தயம் ஓடிக் களைச்ச குதிரையை மருந்து குடுத்து வேலை வாங்கிறது சரியோ? குதிரை பார்த்த ஆக்கள் சொல்லுங்கோ.

கிண்ணியா_சாயிஸ்:
ஒன்பது வருசம் வளைகுடாவில லாயத்தில நிண்டவன் நான். என்ட பொறுப்பில 19 வயசுக் குதிரை ஒண்டு, ஒரு காலத்தில 160 கிலோமீட்டர் ஓடினது. முன்கால் மூட்டில வாதம். ஓய்வு எண்டு ஒரு மாசம் அடைச்சு விட்டாங்க. விடிய கதவத் திறந்தா கால் வீங்கி, தீனி தொடாம நிக்கும். பிறகு நானே கயிறு போட்டு நடத்தினன். முதல் பத்து அடி மரக்கட்டை. இருபது நிமிசத்தில தோள் இளகி, காது முன்னுக்கு வரும். மறுவாரம் சேணத்தக் கண்டா அதுவே கதவடிக்கு வருது. வேலைய நிப்பாட்டினாத்தான் அது சாகும்.

பேராதனைப்_பிள்ளை:
கிண்ணியா நானா, நடை மருந்துதான். மூட்டு வாதக் குதிரையை அடைச்சு வைக்கக்கூடாது எண்டுதான் மிருக வைத்திய பீடத்தில எங்களுக்கும் படிப்பிக்கினம். ஆனா நடத்திறது வேற, போட்டிக்கு விடுறது வேற. லாயங்களில பியூட் எண்டு சொல்ற பினைல்பியூட்டசோன் நோவைக் குறைக்கும், தேஞ்ச மூட்டை வளர்க்காது. கூடக் குடுத்தா வயித்துப்புண், சிறுநீரகப் பாதிப்பு. சர்வதேச குதிரையேற்றச் சம்மேளனம் 2009ல கொஞ்சம் இருந்தாப் பரவாயில்லை எண்டு வாக்களிச்சு, எதிர்ப்புக் கிளம்பி 2010ல கைவிட்டது. போட்டி நேரம் இரத்தத்தில இருக்கக்கூடாது.
காது முன்னுக்கு வாறதைச் சந்தோசம் எண்டு முடிவு கட்டாதேங்கோ. ஒரு மாசம் தனிய நிண்டதுக்கு ஆள் வாற சத்தமே போதும்.

தம்பலகாமத்தான்:
பிள்ளை படிச்சது சரி. எங்கட வயலுக்கு லாண்ட்மாஸ்டர் உழவு மெசின் வந்த பிறகு எருதுக்கு வேலை போச்சு. வேலை போன எருதுக்கு எத்தினை பேர் வைக்கல் போட்டவை? லொறியில ஏத்தின நாள் எனக்கு நினைவிருக்கு, நானும் ஏத்தினவன். அரைப்பாரம் இழுக்க விட்டிருந்தா இன்னும் நாலு வருசம் நிண்டிருக்கும். சும்மா விடுறதுதான் நல்லது எண்டு நினைக்கிற ஆக்கள் திருகோணமலை பிரட்றிக் கோட்டை மானுகளைப் போய்ப் பாருங்கோ, பொலித்தீன் சப்புது.

பேராதனைப்_பிள்ளை:
ஐயா, அது எருதின்ர பிழையோ? இளமையில உழைச்சதைத் திண்டிட்டு, கிழட்டில இழுத்தாத்தான் வைக்கல் எண்டா, உதுக்குப் பேர் கருணையோ?

தம்பலகாமத்தான்:
கருணை எண்டு ஆர் சொன்னது? நான் கணக்குச் சொன்னனான்.

டச்பே_காத்து:
எப்ப நிப்பாட்டிறது எண்டதுக்கு அளவு ஏதும் இருக்கோ? வயசோ?

பேராதனைப்_பிள்ளை:
வயசில்லை. 2016 ரியோ ஒலிம்பிக்கில தடைதாண்டலில தங்கம் எடுத்த பிக் ஸ்டார் எண்ட குதிரைக்கு 13 வயசு. மருந்தில்லாத நாளில கையில பிடிச்சு ஓடவிட்டுப் பாருங்கோ. நொண்டுற முன்கால் நிலத்தில படேக்க தலை மேல எழும்பும். எழும்பினா அண்டைக்குச் சேணம் இல்லை.

கிண்ணியா_சாயிஸ்:
தங்கச்சி, உண்மைய எழுதுறன். நீண்டதூர ஓட்டத்தில ஒவ்வொரு சுற்றும் முடிய நாடி பார்ப்பாங்க, நிமிசத்துக்கு 64க்கு இறங்கணும். பிறகு கையால ஓடவிட்டு நொண்டுதா எண்டு பார்ப்பாங்க. ஒருதரம், இடம் பேர் வாணாம், இரத்தம் எடுத்துப் பார்க்காத சின்னப் போட்டி. விடிய நான் சொன்ன அந்தக் குதிரைக்கு நோவு ஊசி போட்டாங்க. தலையப் பிடிச்சது நான். தலை ஆடவேயில்ல, எல்லாரும் கைதட்டினாங்க. ராவு மருந்து இறங்க, மூணு கால்ல நிண்டது. ரெண்டு மணி மட்டும் ஐஸ்தண்ணி ஊத்தினன்.
அதோட போட்டி முடிஞ்சிது. பிள்ளைகளுக்குப் பழக்கிற இடத்துக்கு மாத்தினாங்க, நடை மட்டும், அரை மணி. நடைய நான் விட்டுக்குடுக்கமாட்டன். ஊசிய விட்டுக்குடுக்கிறன்.

பேராதனைப்_பிள்ளை:
நோவுக்கு மருந்து குடுக்கிறதை நானும் எதிர்க்கேல்லை நானா. குடுத்திட்டு முதுகில ஏறுறதைத்தான்.

டச்பே_காத்து:
அது இப்பவும் இருக்கோ?

கிண்ணியா_சாயிஸ்:
கூட நிண்ட பொடியன் போன வருசம் வீடியோ அனுப்பினான். பல் போயிட்டு, தவிட்ட ஊறவைச்சுக் குடுக்கிறான். இப்ப ஆரையும் ஏத்திறதில்ல. கயிறு இல்லாமலே அவன்ட பின்னால நடக்குது.

தம்பலகாமத்தான்:
தவிட்டுக்கு ஆர் காசு குடுக்கிறது?

கிண்ணியா_சாயிஸ்:
அங்க நிக்கிற மத்தக் குதிரைகள் உழைக்குது, ஐயா.