புதுப்பிப்பு: கோவைக்கே போகிறோம்

மலையேற்றப் பித்துப் பிடித்த ஆசிரியத் தம்பதியான நாங்கள் சென்னையிலிருந்து கோவைக்குக் குடிபெயரலாமா என்று முன்பு இங்கே கேட்டிருந்தேன். முடிவாகிவிட்டது, போகிறோம். மனைவி அரசுப் பள்ளி ஆசிரியை; மாறுதல் கலந்தாய்வில் கிணத்துக்கடவுப் பக்கம் இடம் கிடைத்தது. எனக்குத் தனியார் பள்ளிதான், சம்பளம் சற்றுக் குறைவு.

முடிவெடுக்கும் முன் ஜூனில் ஒருமுறை நேரில் போய்ப் பாருங்கள் என்று நீங்கள் சொன்னபடியே போய்ப் பார்த்தோம். பாலக்காட்டுக் கணவாய்க் காற்றில் மொட்டைமாடித் துணியெல்லாம் அடுத்த வீட்டில்! சிங்காநல்லூர் குளத்தில், ஆகாயத்தாமரை இலைமேல் நீலத்தாழைக்கோழி என்ற நீர்ப்பறவை நீண்ட விரல்களை அகல ஊன்றி நடந்ததைப் பார்த்ததுமே மனைவி மனதளவில் குடியேறிவிட்டாள்.

ஒரே வயிற்றெரிச்சல்: வெள்ளியங்கிரி மலையேற அனுமதி பிப்ரவரி முதல் மே வரைதான். பாதி நாள் பொதுத்தேர்வும் விடைத்தாள் திருத்தமுமாகப் போய்விடும். வாடகை வீடு இன்னும் அமையவில்லை. சுந்தராபுரம் பக்கம் தேடுகிறோம்.