குரல் மட்டும் கேட்டபோது

கொங்குக்காரி:
நான்கு வருடம் ஒரு காப்பீட்டு நிறுவனத்தின் கால் சென்டரில் இருந்தேன். ஹெட்செட்டை மாட்டினால் ஐந்து விநாடியில் ஆளை எடைபோட்டுவிடுவோம். 'சூடான பார்ட்டி', 'அழுமூஞ்சி' என்று பட்டப்பெயர் வேறு. பள்ளிபாளையத்திலிருந்து ஒருவர் அடிக்கடி கூப்பிடுவார். எடுத்ததுமே கத்தல்தான். பின்னால் விசைத்தறிச் சத்தம். திமிர் பிடித்த ஆள் என்று முடிவு கட்டி, நானும் விறைப்பாகவே பதில் சொல்வேன்.

ஒருநாள் பேசிக்கொண்டிருக்கும்போதே அங்கே கரண்ட் போய்விட்டது. தறிச் சத்தம் சட்டென்று நின்றது. அவர் குரல் மட்டும் இறங்கவே இல்லை. "சத்தமாச் சொல்லு சாமி, காது கேக்கறதில்ல" என்றார். ஆயுள் முழுக்கத் தறிக்கு நடுவே இருந்த காது. அந்த 'சாமி'யை அவர் முதல் நாளிலிருந்தே சொல்லிக்கொண்டுதான் இருந்திருக்கிறார். என் காதில் கத்தல் மட்டும்தான் விழுந்திருக்கிறது.

வைகைக்கரை:
எங்கள் வீட்டில் இதற்கு மறுபக்கம். பக்கவாதம் வந்தபின் அப்பாவுக்கு நாக்குக் குழறும். நடை தேறிவிட்டது, புத்தியும் தெளிவு, பேச்சுதான் பழையபடி வரவில்லை. ஒரு மருத்துவமனைக்கு அவரே போன் போட்டு டாக்டர் எப்போது வருவார் என்று கேட்டிருக்கிறார். "காலையிலயே குடிச்சாச்சா?" என்று வைத்துவிட்டார்கள். கள்ளைக்கூடத் தொடாத மனுஷன். நேரில் போயிருந்தால் கோணிய வாயைப் பார்த்து நாற்காலி எடுத்துப் போட்டிருப்பார்கள். இப்போது யாருக்குப் பேசினாலும் "பக்கவாதம் வந்தவன் பேசறேன்" என்றுதான் ஆரம்பிக்கிறார். பெயர் அப்புறம்தான்.

ஒலிப்பெட்டி:
யேல் பல்கலைக்கழகத்தின் மைக்கேல் கிரௌஸ் 2017இல் வெளியிட்ட ஆய்வு இங்கே ஞாபகம் வருகிறது. முகத்தையும் பார்த்துக் கேட்டவர்களைவிட, குரலை மட்டும் கேட்டவர்கள் எதிராளியின் உணர்ச்சியைச் சரியாகக் கணித்தார்களாம். மேலே உள்ள இரண்டையும் படித்தால் உதைக்கிறது! அது நல்ல காதுக்கும் தெளிவான பேச்சுக்கும் பொருந்தும் கணக்கு என்றே நினைக்கிறேன். போதாததற்கு, வழக்கமான தொலைபேசி இணைப்பு ஏறத்தாழ 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரை அதிர்வெண் உள்ள ஒலிகளைத்தான் கடத்தும். 'ஸ', 'ஃப' போன்ற ஒலிகளின் கூர்மை பெரும்பாலும் அதற்கு மேலே இருப்பதால் அதிலேயே மழுங்கிவிடும். குழறும் பேச்சுக்கு அது இன்னொரு அடி.

கொங்குக்காரி:
வைகைக்கரை அண்ணா, உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அந்த போனை நான் எடுத்திருந்தாலும் வைத்திருப்பேன். குடித்துவிட்டுப் பேசினால் துண்டித்துவிடலாம் என்று பயிற்சியிலேயே சொன்னார்கள். பக்கவாதம் வந்தவர் எப்படிப் பேசுவார் என்று யாரும் சொல்லித் தரவில்லை, நானும் கேட்கவில்லை.