ஆறாம் விரலும் மாமா கடைப் போணியும்

மதுரை மல்லி:

எனக்கு இடது கையில ஆறு விரல். சுண்டு விரலை ஒட்டி, நகத்தோட, மடங்காத ஒண்ணு. ஆதாருக்குப் போனப்ப "நாலு விரலையும் சேத்து வைங்கக்கா"ன்னு சொன்ன பொண்ணு, மிஷின் மூணு தடவை முரண்டு பிடிச்ச பிறகுதான் குனிஞ்சு பாத்துச்சு. "இதை மட்டும் ஓரமா ஒதுக்கிக்கோங்க." அதுவா ஒதுங்குற விரலா? வலது கையால இழுத்துப் பிடிச்சுக்கிட்டு ரேகை குடுத்தேன். பின்னாடி வரிசையில நின்னவரு "அதிர்ஷ்டக்காரிம்மா நீ"ன்னாரு. அவருக்கு என் கதை தெரியாது.

நான் பொறந்த அன்னைக்கே மருத்துவச்சி குதிரைமுடி கேட்டாங்களாம். இறுக்கிக் கட்டினா பத்து நாள்ல கருகி விழுந்துரும்னு. அம்மாச்சிதான் விடலை. "மீனாட்சிக்கே மூணு தனத்தோட பிறப்பு. மலையத்துவச பாண்டியன் அறுத்தா போட்டான்?" அம்மாச்சிக்கு எழுதப் படிக்கத் தெரியாது, ஆனா திருவிளையாடல் அத்தனையும் மனப்பாடம். வேள்வித் தீயில வந்த குழந்தையைப் பாத்து ராஜா கலங்கி நிக்க, இவளை ஆண்பிள்ளை மாதிரி வளத்து முடிசூட்டு, மணாளனைப் பாக்குறப்ப மூணாவது தானா மறையும்னு அசரீரி சொல்லுச்சாம். கல்யாணம் ஆனா என் விரலும் மறைஞ்சிரும்னு பத்து வயசு வரைக்கும் நம்பிக்கிட்டு இருந்தேன்.

என் மாமா மகனுக்கும் இதே மாதிரிதான். அதே இடது கை, அதே ஓரம். மாமாவுக்குப் பூ மார்க்கெட்ல கடை. அவன் கைபட்டாதான் வியாபாரம் ஓடும்னு அஞ்சு வயசுலேயே விடிகாலை எழுப்பித் தூக்கிட்டுப் போயிருவாங்க. தூங்கி வழியுற பயல் ஒரு முழம் மல்லியை எடுத்துக் குடுத்தா அதுதான் போணி. மத்த கடைக்காரங்களும் கூப்பிட ஆரம்பிச்சாங்க.

என்னைப் பொண்ணு பாக்க வந்தப்ப, காப்பித் தட்டுக்கு அடியில இடது கையைக் குடுத்து, முந்தானையை இழுத்து மூடிக்கிட்டுப் போன்னாங்க அம்மா. தட்டை நீட்டுறப்ப முந்தானை விலகிருச்சு. மாப்பிள்ளையோட அத்தை டம்ளரை எடுக்காம விரலையே பாத்தாங்க. "ஒண்ணு கூடினா வீட்டுல ஒண்ணு குறையும்பாங்களே" அப்படின்னு, என்கிட்ட இல்லை, சுவர்க்கிட்ட சொல்ற மாதிரி சொன்னாங்க. அன்னைக்குக் காலைலதான் எங்க மாமா, மகன் கையால போணி பண்ணிட்டு வந்து எங்க வீட்டுத் திண்ணையில உக்காந்திருந்தாரு. வாயே திறக்கலை.

உங்க வீட்டுலயும் இப்படி உடம்புல ஏதாவது ஒண்ணு, ஒருத்தருக்கு யோகமாவும் இன்னொருத்தருக்கு தோஷமாவும் ஆனது உண்டா?

நைட் டூட்டி நர்ஸ்:

பிரசவ வார்டுல இருபத்தஞ்சு வருஷம் ஓட்டினவள். ஆயிரம் பிரசவத்துக்கு ஒண்ணு ரெண்டு ஆறு விரல் வரும். கர்ப்பத்துல ஏழெட்டு வாரத்துக்குள்ள, துடுப்பு மாதிரி இருக்கிற கை விரல் விரலாப் பிரியுறப்ப நடக்குறது அது. பல பேருக்கு வம்சத்துல வரும்.

நான் அதிகமா மல்லுக்கட்டினது கொடி சுத்திப் பிறந்த குழந்தைங்க வீட்டாரோடதான். அஞ்சு பிரசவத்துக்கு ஒண்ணாவது அப்படித்தான் வரும். கொடி ஐம்பது, அறுபது சென்டிமீட்டர் நீளம். உள்ளே குழந்தை குட்டிக்கரணம் போடுறப்ப மாட்டிக்கும். தலை வெளிய வந்ததும் கழுத்தோரம் விரலை விட்டு, மாலையைக் கழட்டுற மாதிரி கழட்டி விடுவோம். பெரும்பாலும் அவ்வளவுதான் வேலை. ஆனா மாலை சுத்திப் பிறந்தா மாமனுக்கு ஆகாதாம்! ஒரு தடவை வார்டு வாசல்ல நின்ன தாய்மாமன், ஆணா பொண்ணான்னு கூடக் கேக்கலை. "கொடி சுத்தியிருந்துச்சா சிஸ்டர்?" அந்தக் குழந்தையோட முகத்தை அவர் முதல்ல பாத்தது கிண்ணத்து நல்லெண்ணெயில விழுந்த நிழலாத்தான். அதுலேர்ந்து கேஸ் ஷீட்ல எழுதுவேன், டாக்டருக்குத் தெரியணும். வாசல்ல நிக்கிறவங்ககிட்ட சொல்ல மாட்டேன்.

பல்லோட பிறந்த குழந்தையும் பாத்திருக்கேன். ரெண்டாயிரம் மூவாயிரத்துக்கு ஒண்ணு. கீழ் முன்பல்லு, அரிசிக்குருணை கணக்கா. "குடும்பத்தை முழுங்கிரும், இன்னைக்கே பிடுங்குங்க"ன்னு பாட்டி ஒத்தக்கால்ல நின்னாங்க. டாக்டர் கையுறை விரலால ஆட்டிப் பாத்தாரு, கெட்டியா இருந்துச்சு. ஆடுற பல்லா இருந்தா மூச்சுக்குழாய்க்குள்ள போயிரும்னு எடுத்திருவாங்க, அதுவும் ரத்தம் உறையுறதுக்கான வைட்டமின் கே ஊசி போட்டிருக்கான்னு பாத்துட்டுத்தான். ஆனா பாதிக்கு மேல அது கூடுதல் பல்லே இல்லை, பின்னாடி வரவேண்டிய பால்பல்லே முந்திக்கிட்டு வந்தது. பிடுங்கிட்டா ஆறேழு வயசு வரைக்கும் அந்த இடம் பொக்கைதான்னு சொன்னதும் பாட்டி அடங்கினாங்க.

மல்லி, உங்க அம்மாச்சி சொன்னதும் லேபர் ரூமுக்குப் புதுசில்லை. அக்குள்ல இருந்து தொடையிடுக்கு வரைக்கும் பால்கோடுன்னு ஒண்ணு கருவுல இருக்கும். அது சரியா மறையலைன்னா அந்தக் கோட்டுல கூடுதலாக் காம்பு நிக்கும். மச்சம்னு நினைச்சுக்கிட்டே ஆயுசைக் கழிச்சவங்க எத்தனையோ பேர்.

திண்டுக்கல் காலுமுந்தி:

நான் பொறந்தப்ப முதல்ல வந்தது காலு. அதனால ஊர்ல யாருக்கு இடுப்புப் பிடிச்சாலும் என்னைத்தான் தேடுவாங்க. குப்புறப் படுத்திருப்பாங்க, நான் இடது காலால மூணு தடவை மெதுவா மிதிக்கணும். கூலி வெத்தலை பாக்கு, சில வீட்டுல முறுக்கு. முக்கால்வாசிப் பேருக்கு ரெண்டு நாள்ல சரியாயிரும். தசைப்பிடிப்பு நான் மிதிக்கலைன்னாலும் சரியாகும்னு பின்னாடிதான் தெரிஞ்சுக்கிட்டேன். தெரிஞ்சும் முறுக்கை விடலை. ஆனா போன வருஷம் ஒருத்தர் எம்ஆர்ஐ கவரோட வந்து படுத்தாரு, கால் மரத்துப்போகுதுன்னு வேற சொன்னாரு. பயந்துட்டேன். "அண்ணே, இது என் காலுக்கு அடங்காது"ன்னு கையெடுத்துக் கும்பிட்டுட்டேன். இன்னைக்கும் என்மேல அவருக்கு வருத்தம்.

அடியேன்:

பெருமாள் கோயில் கைங்கர்யத்தில் இருப்பவன். நர்ஸ் அம்மா சொன்ன மாலை விஷயத்துக்கு எல்லோரும் கண்ணன்–கம்சனைத்தான் இழுப்பார்கள். பாகவதத்தில் கொடியும் இல்லை, மாலையும் இல்லை. தேவகியின் எட்டாவது பிள்ளையால் உனக்கு மரணம் என்று தேரோட்டிக்கொண்டு போன கம்சனுக்கு அசரீரி கேட்டது, அவ்வளவே. உடல் அடையாளங்களை வைத்துப் பலன் சொல்லும் சாமுத்திரிகா லட்சணத்தைச் சாஸ்திரம் என்று மதிக்கிறேன். ஆனால் அதில் ஒரு வரியைப் பிடுங்கிக்கொண்டு வந்து பெண் பார்க்கிற கூடத்தில் வைப்பதை எந்தச் சாஸ்திரத்தில் சேர்ப்பது? ராமபிரானை ஆஜானுபாகு என்கிறோம், முழங்கால் தொடும் கைகள். இன்று அப்படி ஒரு பையன் போய் நின்றால் டாக்டர் மார்ஃபான் என்ற மரபுக் கோளாறோ என்று சந்தேகப்பட்டு இதயத்துக்கு எக்கோ எடுக்கச் சொல்வார். எடுத்துக்கொள்வதுதான் நல்லது.

கரூர் மருமகள்:

2019 டிசம்பர் 26, கங்கண கிரகணம் எங்க ஊர் மேலேயே போச்சு. எனக்கு ஏழாம் மாசம். ஜன்னலுக்குப் போர்வை மாட்டி, சொறியாதே, கத்தியைத் தொடாதே, பிள்ளைக்கு உதடு பிளக்கும்னு மாமியார் கூடவே உக்காந்திருந்தாங்க. ஸ்கேன் டாக்டர்கிட்டக் கேட்டேன். மேலுதடு ஒண்ணு சேர்றது ஏழாவது வாரத்துக்குள்ள முடிஞ்சிருமாம், அண்ணம் அதுக்கப்புறம் சில வாரத்துல. ஏழாம் மாசம் சூரியன் என்ன பண்ணினாலும் உதடு உதடுதான். மாமியார்கிட்ட சொன்னேன். "அப்போ ரெண்டாம் மாசமே உள்ள உக்காத்தி வச்சிருக்கணும்"கிறாங்க. என்னத்தைச் சொல்ல!

மதுரை மல்லி:

விரலை எடுத்துட்டீங்களான்னு தனியாக் கேட்டவங்களுக்கு: இல்லை. எக்ஸ்ரேல எலும்பும் மூட்டும் இருக்கு, எடுக்கணும்னா ஆபரேஷன்தான், தொந்தரவு இல்லைன்னா விட்டுருங்கன்னாங்க. எலும்பில்லாம தோலோட தொங்குற மாதிரி இருந்தாலும் நூலு, முடின்னு நீங்களே கட்டாதீங்க. சீழ் பிடிக்கும், அடியில முண்டு தங்கி, பட்டாலே சுரீர்னு வலிக்கும். டாக்டர்கிட்டக் காட்டுங்க.

எனக்கு அந்தச் சம்பந்தம் அமையலை. அடுத்து வந்தவரு விரலைப் பாத்துட்டு, "பூக்கட்ட வசதியா இருக்குமே"ன்னாரு. வசதிதான், நாரை அதுலதான் சுத்திக்குவேன். என் பொண்ணு வயித்துல இருந்தப்ப டாக்டர் வம்சம் விசாரிச்சாங்க. தாத்தாவுக்கு உண்டு, அம்மாவுக்கு இல்லைன்னேன். கூட வந்திருந்த அம்மாவோட கையை டாக்டர் வாங்கிப் பாத்தாங்க. சுண்டு விரல் ஓரத்துல கடுகளவு ஒரு முண்டு. அறுபது வருஷமா மருன்னு நினைச்சுச் சுண்ணாம்பு தடவிக்கிட்டு இருந்திருக்காங்க. அதுவும் ஆறாவது விரல்தான், முளைக்காம நின்னது. "அப்ப நானும்தானா"ன்னு அம்மா கையைத் திருப்பித் திருப்பிப் பாத்தாங்க. வீட்டுக்கு வர்ற வழியில ஒரு வார்த்தை பேசலை.

மாமா கடைக்கு இன்னமும் அவர் மகன்தான் போணி. அவனுக்கு முடியாத நாள்ல கடையைப் பூட்டி வைக்கிறாரு.